ரொட்டியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய டாக்டர்

ஆண்டு மலர் என்றாலே ஜேம்ஸ் வாட், எடிசன், நம்ம சர் சி.வி.ராமன், விஸ்வேஸ்வரய்யா என்று வாழ்க்கை வரலாறுகள் வரிசை கட்டி நிற்கும். அவர்கள் பெரியவர்கள்தான், மறுப்பில்லை. ஆனால் இந்த முறை ஒரு குழந்தை டாக்டரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஊர் ஹாலந்து. பெயர் வில்லெம் காரெல் டிக்கெ. என்ஜின் செய்யவில்லை, பல்பு செய்யவில்லை, புது மருந்துகூடக் கண்டுபிடிக்கவில்லை. உலகத்தில் பாதிப்பேர் தினமும் சாப்பிடும் கோதுமை, சில குழந்தைகளுக்கு மட்டும் விஷமாகிறது என்று சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டதோடு நிற்காமல் தராசும் டைட்ரேஷனும் வைத்து நிரூபித்தார். இதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. நடுவில் ஒரு உலகப்போரும் வந்து போனது.

முதலில் அந்த நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் சீலியாக். கிரேக்க மொழியில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அரேட்டியஸ் என்ற பழங்கால கிரேக்க மருத்துவரே இதைப் போன்ற ஒரு நோயை எழுதி வைத்திருக்கிறார். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வரை குழந்தை நன்றாக இருக்கும். ரொட்டியும் கஞ்சியும் கொடுக்க ஆரம்பித்த சில மாதத்தில் சுருங்கிப் போகும். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. மலம் அளவுக்கதிகமாக, வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, நாற்றமாகப் போகும். முகத்தில் சிரிப்பே இருக்காது, எதற்கெடுத்தாலும் அழுகை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இப்படியே தேய்ந்து எத்தனையோ குழந்தைகள் இறந்து போயின.

1887-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றிப் பேசி, மறு வருஷம் அச்சிலும் வெளியிட்டார். குணமாவதென்றால் சாப்பாட்டினால்தான் குணமாகும் என்பது அவருடைய முடிவு. குறி சரி. ஆனால் அம்பு எங்கே போய் விழுந்தது தெரியுமா? அவர் விலக்கச் சொன்ன பட்டியலில் அரிசி இருந்தது! சாப்பிடலாம் என்று அனுமதித்ததில் மெல்லிசாக நறுக்கி வாட்டிய ரொட்டி இருந்தது! ஒரு குழந்தைக்கு மட்டும் தினமும் ஹாலந்து நாட்டுச் சிப்பி மீன் கொடுத்துப் பார்த்தார். அது மளமளவென்று தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் பழையபடி படுத்துவிட்டது. அடுத்த சீசனில் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது. சிப்பியில் மருந்து ஒன்றும் இல்லை நண்பர்களே. சிப்பியாலேயே வயிறு நிறைந்ததால் ரொட்டி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்து 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு எல்லாம் கட். வாழைப்பழம் தாராளம். குழந்தைகள் பிழைத்தார்கள், உண்மை. ஆனால் பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போய்விட்டது. பழம் நோயைக் குணப்படுத்திவிட்டது என்று நினைத்தால் அடுத்து என்ன செய்வோம்? உடம்பு தேறியதும் மறுபடி ரொட்டியைக் கொடுப்போம். அங்கேதான் சிக்கல். ஒரு பொருளைச் சேர்த்ததால் சரியானதா, இன்னொன்றை எடுத்ததால் சரியானதா? சர்க்யூட்டில் ஃபால்ட் தேடும்போது ஒரே நேரத்தில் நாலு கம்பியைக் கழற்றிவிட்டு, எது ஷார்ட் என்று கேட்ட கதைதான் இது.

இனி நம்ம கதாநாயகனுக்கு வருவோம். டிக்கெ பிறந்தது 1905 பிப்ரவரி 15, டார்ட்ரெக்ட் என்ற ஊரில். 1922 முதல் 1929 வரை லைடனில் மருத்துவப் படிப்பு. பிறகு தி ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்து குழந்தை மருத்துவத்தில் பயிற்சி. 1936-ல் அதே மருத்துவமனைக்கு இயக்குநர் ஆகிவிட்டார். வயசு என்ன? 31! நம்மில் பலருக்கு அந்த வயசில் அரியர் கிளியர் ஆனால் போதும் என்றிருக்கும். சரி, அதை விடுங்கள்.

அந்த நாட்களில்தான் ஒரு இளம் தாய் தன் குழந்தையைப் பற்றி ஒரு தகவல் சொன்னதாகச் சொல்வார்கள். ரொட்டியை நிறுத்தினால் குழந்தையின் உடம்பில் வரும் தடிப்பு சீக்கிரமே அடங்கிவிடுகிறது என்பதுதான் அந்தத் தகவல். பெரிய ஆஸ்பத்திரிகளில் தாய்மார்கள் சொல்வதை டாக்டர்கள் எந்த அளவுக்குக் காதில் வாங்குவார்கள் என்று நமக்குத் தெரியும். இவரு வாங்கினார். 1930-களின் நடுவிலேயே கோதுமை இல்லாத சாப்பாடு கொடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்டால் அவருடைய மொத்த வாழ்க்கையில் முக்கியமான இடம் இதுதான். மற்ற டாக்டர்கள் எல்லாம் கொழுப்பைக் குறை, சர்க்கரையைக் குறை, பழம் கொடு என்று போய்க்கொண்டிருந்தார்கள். மலத்தில் கொழுப்பு வருவதால் கொழுப்புதான் குற்றவாளி என்ற கணக்கு. குழாய் ஒழுகினால் தண்ணீரைத் திட்டுகிற மாதிரி! ரொட்டியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐரோப்பாவில் ரொட்டி என்பது நமக்குச் சோறு மாதிரி. சோற்றில் விஷம் என்று ஒரு டாக்டர் சொன்னால் நம் பாட்டி ஒத்துக்கொள்வாளா?

1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்தைப் பிடித்தது. ரேஷன் வந்தது. வாழைப்பழம் கண்ணில்கூடக் காணக் கிடைக்கவில்லை. சீலியாக் குழந்தைக்கு அப்போது சிறந்தது என்று பேர் வாங்கியிருந்தது ஹாஸின் வாழைப்பழ வைத்தியமும், சுவிட்சர்லாந்தின் ஃபான்கோனி சொன்ன பழம் காய்கறி வைத்தியமும். இரண்டுக்கும் சரக்கு இல்லை. டாக்டர் என்ன செய்வார்? 1941-ல் டிக்கெ டச்சு மருத்துவப் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ரேஷன் காலத்துக்கு ஏற்ற எளிய சாப்பாடு என்ன என்பதே பொருள். ரொட்டியும் ரஸ்க்கும் கூடாது. இரண்டு வேளை சூடான சமைத்த சாப்பாடு. மூன்றாவது வேளைக்குக் கோதுமை மாவு சேராத கஞ்சி. இவ்வளவுதான். தேதியைக் கவனியுங்கள், 1941. இது ஏன் முக்கியம் என்று இப்போது சொல்கிறேன்.

டிக்கெயைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை வரும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம். அந்த நேரத்தில் எல்லாக் குழந்தைகளும் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். அதைப் பார்த்துத்தான் டிக்கெக்குப் பொறி தட்டியது என்பார்கள். சினிமாவுக்கு நல்ல கதை. ஆனால் பொறி தட்டியது அதற்குப் பத்து வருஷம் முன்னால். பஞ்சம் செய்தது வேறு வேலை. அவர் மனசில் இருந்த சந்தேகத்தை நாடு முழுக்க ஒரு எக்ஸ்பெரிமென்டாக நடத்திக் காட்டியது.

அந்தப் பஞ்சம் சாதாரணப் பஞ்சம் இல்லீங்க. 1944 செப்டம்பரில், லண்டனில் இருந்த டச்சு அரசாங்கம் ரயில்வே தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. தொழிலாளர்கள் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மன்காரர்கள் மேற்கு நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பின்னர் தடையைத் தளர்த்தியபோது கால்வாய்கள் உறைந்து படகு ஓடவில்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் எல்லாம் பட்டினி. ஜனங்கள் சர்க்கரைக் கிழங்கைத் தின்றார்கள். தோட்டத்து டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். டிக்கெயின் மருத்துவமனை இருந்தது அந்த ஹேக் நகரில்தான்.

ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் அவருடைய சீலியாக் குழந்தைகளின் நிலைமை மோசமாகவில்லை, தேறியது. 1945 தொடக்கத்தில் சுவீடன் நாடு கப்பலில் மாவு அனுப்பியது. ஏப்ரல் 29 முதல் மே 8 வரை நேச நாட்டு விமானங்கள் வானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டன. வெள்ளை ரொட்டியைப் பார்த்து ஊரே கண்ணீர் விட்டது. அந்த ரொட்டியைச் சாப்பிட்ட சீலியாக் குழந்தைகள் மறுபடியும் படுத்தார்கள். நினைத்துப் பாருங்கள்: பசித்த பிள்ளைக்குப் பல மாதத்துக்குப் பிறகு அம்மா ஆசையாக ஒரு துண்டு ரொட்டி ஊட்டுகிறாள். அதுவே அந்தப் பிள்ளையைச் சாய்க்கிறது. அவளுக்கு எப்படித் தெரியும்?

போர் முடிந்தது. சந்தேகம் உறுதியாகிவிட்டது என்றாலும் நிரூபணம் வேண்டுமே. பஞ்சத்தில் எத்தனையோ பொருள் இல்லாமல் போனது. அதில் ரொட்டியை மட்டும் எப்படிக் கை காட்டுவது? டிக்கெ செய்தது இதுதான்: மருத்துவமனையில் இருந்த சில குழந்தைகளுக்குச் சாப்பாட்டை அளந்து கொடுத்து, பல மாதம், சிலருக்கு அதற்கும் மேலே, விடாமல் கவனித்தார். கோதுமை இல்லாமல் ஒரு காலம். கோதுமையோடு ஒரு காலம். மறுபடி இல்லாமல். எடை, உயரம், பசி, மலம் எல்லாம் குறிப்பு. கிராஃப் ஷீட்டில் வளர்ச்சிக் கோடு மேலே ஏறும், கோதுமை வந்ததும் தட்டையாகும் அல்லது கீழே இறங்கும், நிறுத்தினால் மறுபடி ஏறும்.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவேண்டும். கெடுதி என்று சந்தேகப்படும் பொருளை வேண்டுமென்றே குழந்தைக்குக் கொடுக்கலாமா? இன்றைக்கு என்றால் எத்திக்ஸ் கமிட்டி, பெற்றோர் கையெழுத்து என்று ஆயிரம் கட்டம் தாண்ட வேண்டும். தாண்டத்தான் வேண்டும். ஆனால் அன்றைய நிலைமையையும் பாருங்கள். அந்தக் குழந்தைகள் அதுவரைக்கும் சாப்பிட்டதே கோதுமைதான். வெளியே ஊர் முழுக்கச் சீலியாக் குழந்தைகளுக்கு டாக்டர்களே ரஸ்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிரூபிக்காமல் விட்டால் அது நிற்காது. டிக்கெ செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன், கொஞ்சம் மனம் கனத்தாலும்.

இந்தப் பரிசோதனையில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு காலம் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் அதுதான். கோதுமை கொடுத்த அன்றே குழந்தை படுத்துவிடாது! சில நாள், சில சமயம் சில வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு பசி குறையும், முகம் வெளுக்கும், சிணுங்கல் வரும், அப்புறம்தான் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும். கல்லைத் தூக்கிப் போட்டவன் ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் கண்ணாடி உடைகிறது என்று வையுங்கள், யாரைப் பிடிப்பது? முந்தாநாள் சாப்பிட்ட முட்டையைத்தான் அம்மா குறை சொல்வாள். தினமும் சாப்பிடுகிற ரொட்டிமேல் யாருக்கும் சந்தேகம் வராது.

எடை மட்டும் போதாது. மெதுவாக ஏறி இறங்கும் விஷயம் அது. குடல் உணவை உறிஞ்சுகிறதா இல்லையா என்று எண்ணில் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய கட்டம் வருகிறது. உட்ரெக்ட் நகரில் டி.என்.ஓ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் வான் டி காமர் என்ற உயிர் வேதியியல் ஆள் இருந்தார். உட்ரெக்ட் குழந்தைகள் மருத்துவமனையில் வெயர்ஸ் என்ற டாக்டர். இந்த இரண்டு பேரும் டிக்கெயும் சேர்ந்தார்கள்.

மலத்தில் எவ்வளவு கொழுப்பு போகிறது என்று அளப்பதற்கு, அதற்கு முன்னால் அதைக் காய வைத்துப் பொடி செய்ய வேண்டும். நேரமும் ஆகும், லேபில் யாரும் நிற்கவும் முடியாது. வான் டி காமர் ஈரமாகவே அளக்கும் வழி கண்டார். ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் கொழுப்பு சோப்பாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் பிரியும். அதைப் பெட்ரோலியம் ஈதரில் இழுத்து, ஒரு பங்கை எடுத்து, தைமால் புளூ இண்டிகேட்டர் போட்டு சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்ய வேண்டும். அட, இது நம் முதல் வருஷ ப்யூரெட் பிப்பெட் சமாச்சாரம்தானே! 1949-ல் இந்த முறை அச்சில் வந்தது. ப்யூரெட் ரீடிங் எடுக்கும்போது என்னத்துக்குடா இது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும்.

இப்போது கணக்கு சுலபம். உள்ளே போன கொழுப்பிலிருந்து வெளியே வந்த கொழுப்பைக் கழித்து, உள்ளே போனதால் வகுத்து, நூறால் பெருக்கு. உதாரணத்துக்கு 50 கிராம் சாப்பிட்டு 3 கிராம் வெளியே போனால் 94 சதவீதம் உறிஞ்சப்பட்டது. சீலியாக் குழந்தைக்குக் கோதுமை கொடுத்தால் இந்தச் சதவீதம் சரிகிறது, நிறுத்தினால் ஏறுகிறது. தாயின் வார்த்தையில் இருந்தது இப்போது எண்ணாக வந்துவிட்டது.

1950-ல் டிக்கெ உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியை டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடாகக் கொடுத்தார். வயசு 45. ஒரு மருத்துவமனைக்கே இயக்குநராக இருந்துகொண்டு மாணவன் மாதிரி போய் நின்றார். ஆய்வேடு டச்சு மொழியில் இருந்ததால் வெளிநாட்டில் உடனே பரவவில்லை. ஆனால் 1952-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு குழு தனியாகப் பரிசோதித்து, கோதுமையின் க்ளூட்டன்தான் கெடுக்கிறது என்று எழுதியது. 1953-ல் டிக்கெ, வெயர்ஸ், வான் டி காமர் மூவரின் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்தன.

க்ளூட்டன் என்றால் என்ன? கோதுமை மாவைப் பிசைந்து, உருண்டையைக் குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக மாவுச்சத்து ஓடிப்போகும். கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அந்த ரப்பர்தான் க்ளூட்டன், புரதம். பரோட்டாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த மகிமை இதனால்தான். டிக்கெயும் நண்பர்களும் கழுவிய மாவுச்சத்தைத் தனியாகக் கொடுத்தார்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. க்ளூட்டனைக் கொடுத்தார்கள், படுத்தது. அதை இன்னும் பிரித்து, ஆல்கஹாலில் கரையும் பகுதியான க்ளையடின் என்பதுதான் வில்லன் என்று காட்டினார்கள். கோதுமைக்குச் சொந்தக்காரர்களான ரை, பார்லி இரண்டும் இந்தப் பட்டியலில் உண்டு. அரிசிக்கும் சோளத்துக்கும் ஒரு குற்றமும் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அரிசிக்கு விடுதலை!

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர் காலத்தில் முழுக்கத் தெரியாது. சிறுகுடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று விரல் விரலாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சீலியாக் உடம்பில் க்ளூட்டன் போனால் உடம்பின் சொந்தப் படையே கிளம்பி அந்த விரல்களைத் தாக்கிச் சமதரை ஆக்கிவிடுகிறது. ஷாக் அடித்தது போல் நொடியில் ஆளைச் சாய்க்கும் அலர்ஜி வேறு, இது வேறு. இதற்கு இன்றுவரை இருக்கும் ஒரே வைத்தியம் டிக்கெ சொன்னதுதான்: வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாது.

வாழ்நாள் முழுக்க என்று சொல்வது சுலபம். தெரிந்து யாரும் சாப்பிடுவதில்லை. தெரியாமல் உள்ளே போவதுதான் தலைவலி. அப்படிப் போனால் என்ன ஆகும்? ஒருவருக்கு ஒரு மாதிரி. சிலருக்கு ஒன்று இரண்டு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி. சிலருக்கு வயிறு உப்பி, பேதியாகி, தலை கனத்து, இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாத அசதி. சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே அடி விழுந்திருக்கும். ஒன்றும் ஆகலையே என்று அவர்களே ஏமாந்து போவதும் உண்டு. ஒரு தடவை நடந்துவிட்டால் முறிக்க மருந்து கிடையாது. தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, மறுபடி பத்தியத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். விடாமல் வாந்தி பேதி என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

எவ்வளவு போனால் ஆபத்து? 2007-ல் இத்தாலி நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. தினமும் 50 மில்லிகிராம் க்ளூட்டன், மூன்று மாதம். குடலில் சேதம் தெரிந்தது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் க்ளூட்டன் இருக்கும் என்று வைத்தால், 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது தட்டில் உதிரும் துகள்! அதனால்தான் க்ளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச உணவு விதி 2008-ல் சொன்னது. நம் இந்திய விதியும் அதே 20-தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு தகவல். 2016-ல் வெளியான இந்திய ஆய்வின்படி வட இந்தியாவில் பெரியவர்களில் 1.23 சதவீதம் பேருக்கு இந்த நோய். தென்னிந்தியாவில் 0.10 சதவீதம். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வடக்கே ஒரு நாள் கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம்! நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இட்லிப் பானைதான் போலிருக்கிறது. இப்போது நம் இரவுச் சாப்பாடே சப்பாத்தி, பரோட்டா என்று ஆகிவிட்டதே, அந்த 25 எவ்வளவு நாளைக்கு 25-ஆக இருக்குமோ தெரியாது.

0.10 சதவீதம் என்றால் ஆயிரத்தில் ஒருவர். நம் கல்லூரியில் மூன்று வருஷத்தையும் கூட்டினால் அவ்வளவு பேர் தேறும். அந்த ஒருவர் இருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் அவரை நாம் என்னவெல்லாம் கிண்டல் செய்திருக்கிறோம் என்று நமக்கே தெரியும். ஒரு வாய் சாப்பிட்டா என்னடா ஆயிடும்? சாமியாரா நீ? அவரைப் பொறுத்தவரை வெளிப்படையான பரோட்டா பிரச்சினை இல்லை, கண்ணுக்குத் தெரிகிறது. ரவா உப்புமாவும் ரவா தோசையும்கூடத் தெரியும். சப்பாத்தி போட்ட அதே கல்லில் ஊற்றிய தோசைதான் தெரியாது. பஜ்ஜி மாவில் கலந்த மைதா தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அரிசிச் சோறு, பருப்பு சாம்பார், ரசம் என்று அப்பாவியாக உட்காருகிற மனுஷனுக்கு அங்கேயும் கண்ணி வைத்திருக்கிறோம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. மெஸ் கமிட்டி கவனிக்குமா?

மறுபடி டிக்கெ. 1957-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஆனார். கூடவே அங்கிருந்த வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநர் பொறுப்பு. அவர் சொன்னதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சியும் அந்த வருஷங்களில்தான் வந்தது. 1954-ல் இங்கிலாந்தில் பாலி என்ற டாக்டர், அறுவை செய்தபோது எடுத்த குடல் துண்டுகளில் உள்சுவர் கெட்டுப்போயிருப்பதைக் காட்டினார். 1956, 57-ல் ஆளை அறுக்காமலே, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலின் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. அதில் கிராஸ்பி என்பவரின் கருவி ஒரு சின்ன மாத்திரை அளவு. உள்ளே ஸ்பிரிங் வைத்த கத்தி. இது எந்த டிபார்ட்மென்ட் வேலை என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேராசிரியர் பதவியில் டிக்கெ ஐந்து வருஷம்தான். 1962 ஏப்ரல் 27-ல் காலமானார். வயசு 57. நோபல் கிடைக்கவில்லை. ஹாலந்தின் குடல் மருத்துவர்கள் சங்கம் பிற்பாடு அவர் பேரில் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தியது.

இப்போது ஒரு துளி ரத்தம் எடுத்தாலே சந்தேகத்தைச் சொல்லிவிடும் டெஸ்ட் வந்துவிட்டது. 1997-ல் பெர்லினில் கண்டுபிடித்த ஒரு என்சைமை வைத்து நடக்கிற டெஸ்ட் அது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. டாக்டரிடம் போகும் முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிட்டு ஒருவர் தேறி வந்து நின்றால், ரத்தத்திலும் ஒன்றும் தெரியாது, குடலிலும் ஒன்றும் தெரியாது. அப்போது டாக்டர் என்ன சொல்வார் தெரியுமா? வீட்டுக்குப் போய் சில வாரம் தினமும் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்பார். ஹேக் மருத்துவமனையில் டிக்கெ கிராஃப் ஷீட்டும் தராசும் வைத்துக்கொண்டு செய்தாரே, அதே வேலை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.